ஸஃப்பிலே இடமுண்டு, வீட்டிலே இல்லையா?

 

சில மஸ்அலாக்கள் நம்மிடையே மையித்து வீட்டு வாசலில் மட்டுமே கேட்கப்படுகின்றன. ஆணென்றும் பெண்ணென்றும் ஊரார் ஒருமுகமாகச் சொல்ல முடியாத ஒருவர் மவுத்தாகி விட்டால், "ஹஜரத், இவரைக் குளிப்பாட்டுவது யார்? எத்தனைத் துணியில் கபனிடுவது?" என்று கேட்டு ஆலிமிடம் ஆள் ஓடி வரும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த மனிதர் உயிரோடிருந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில், இவர் பள்ளிவாசலில் எங்கே நின்று தொழ வேண்டும், தகப்பன் சொத்தில் இவருக்குப் பங்கு எவ்வளவு, பெற்ற வீடு இவரை எப்படி நடத்த வேண்டும் என்று எவரும் கேட்டு வருவதில்லை. மரணத்தன்று பொங்கி வரும் இந்த மார்க்கப் பற்று அதுவரை எங்கே போயிருந்தது?

இத்தனைக்கும் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் நம்முடைய பிக்ஹு கிதாபுகளில் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. ஹனஃபீ மத்ஹபின் பாடநூலான குதூரீயில் இதற்கென்றே தனிப் பாடம் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ‘மஜ்மூஉ’ நூலில் இதற்குப் பக்கம் பக்கமாக இடமளித்திருக்கிறார்கள்.

முதலில் சொற்களைச் சற்றுத் தெளிவாக்கிக் கொள்வோம். உடலின் அமைப்பு என்பது ஒன்று. தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ மனம் உணர்வது மற்றொன்று. நடை, உடை, குரல், பாவனை இவற்றால் வெளியே தெரிவது மூன்றாவது. பெரும்பாலோருக்கு இந்த மூன்றும் ஒரே பக்கம் நிற்பதால், இவை மூன்று என்பதே நமக்குத் தெரிவதில்லை. சிலருக்கு அப்படி அமைவதில்லை. உடலிலேயே இரு பாலாரின் உறுப்புகளும் உள்ளவரை, அல்லது இரண்டுமே இல்லாதவரை, கிதாபுகள் ‘குன்ஸா’ என்கின்றன. எந்த அடையாளத்தாலும் ஒரு பக்கமாகத் தீர்க்க முடியாதவர் ‘குன்ஸா முஷ்கில்’. உடல் ஆணுடையதாகத் தெளிவாக இருந்தும், பேச்சிலும் அசைவிலும் பெண்மை மேலோங்கியவர் ‘முகன்னஸ்’. இன்று நாம் திருநங்கை, திருநம்பி என்று மரியாதையாக அழைப்பவர்களில், உடல் ஒன்றாகவும் மனத்தின் உணர்வு வேறாகவும் இருப்பவர்களே அதிகம். இவர்களுக்கென்று 2008-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தனி நல வாரியம் அமைத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் இவர்களுடைய உரிமைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

தமிழில் இத்தகையோரைக் குறிக்கப் பழைய சொற்கள் சில உண்டு. தெருப் பிள்ளைகள் அவற்றை ஏச்சாக்கிக் கெடுத்து விட்டபடியால் நாம் குன்ஸா என்ற கிதாபுச் சொல்லையே வைத்துக் கொள்கிறோம்.

இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்டில் ஆமிர் இப்னு ளரிப் என்றொரு நீதிபதி இருந்தார். அரபுக் கோத்திரத்தார் எந்தச் சிக்கலையும் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். ஒரு நாள் ஒரு குன்ஸாவின் வழக்கு வந்தது: இவரை ஆணாகக் கொள்வதா, பெண்ணாகக் கொள்வதா? அவருக்கு விடை தெரியவில்லை. அவகாசம் கேட்டு வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போனார். இரவெல்லாம் தூக்கமின்றிப் புரண்டார். அவருடைய ஆடுகளை மேய்த்து வந்த ஸுகைலா என்னும் அடிமைப் பெண் ஒருத்தி இருந்தாள். காலையில் தாமதமாக ஆட்டை ஓட்டிப் போவதற்கும், மாலையில் தாமதமாகத் திரும்புவதற்கும் தினந்தோறும் அவரிடம் ஏச்சு வாங்குகிறவள். எஜமானின் வாட்டத்தைக் கண்டு என்னவென்று கேட்டாள். உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதலில் விரட்டினார். அவள் விடாமல் கேட்கவே, சொல்லித்தான் பார்ப்போமே என்று சொன்னார். சிறுநீர் எந்த வழியாகக் கழிகிறதோ அதைக் கொண்டு தீர்ப்புச் செய்யுங்கள் என்று அவள் ஒரே பேச்சில் முடித்து விட்டாள். நீதிபதியின் நெஞ்சிலிருந்து பாறை இறங்கியது. இனி நீ ஆட்டை எப்போது ஓட்டினாலும், எப்போது திருப்பினாலும் கேட்க மாட்டேன் என்றாராம்! இப்னு ஹிஷாம் (ரஹ்) அவர்களின் ஸீரத்து நூலில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

பிற்காலத்தில் ஹஸரத் அலீ (ரலி) அவர்களும் குன்ஸாவின் வாரிசுரிமையை இதே முறையில் தீர்த்ததாக அறிவிப்புகள் வந்துள்ளன. இதிலே நாம் கவனிக்க வேண்டியது, அறியாமைக் கால நீதிபதி கூட இந்த மனிதரை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கத்தை இழந்தார் என்பதை. அவரைத் துரத்தி விட்டால் வழக்கு முடிந்தது என்று அவருக்குத் தோன்றவில்லை.

திருமறையின் 42-ஆம் அத்தியாயமான ஷூராவில் 49, 50-ஆம் வசனங்களில், அல்லாஹுத்தஆலா தான் நாடியதைப் படைப்பதையும், சிலருக்குப் பெண் மக்களையும் சிலருக்கு ஆண் மக்களையும் சிலருக்கு இரு பாலாரையும் கொடுப்பதையும், சிலரை மலடாக்குவதையும் கூறுகிறான். இந்த வசனத்தில் ஆணும் பெண்ணும் மட்டுமே சொல்லப்பட்டிருப்பதால் குன்ஸா என்றொருவர் இருக்கவே முடியாது என்று அந்தக் காலத்திலேயே சிலர் வாதாடினார்கள். ஹிஜ்ரி 543-இல் மறைந்த ஸ்பெயின் நாட்டுப் பேரறிஞர் காழி அபூபக்ர் இப்னுல் அரபீ (ரஹ்) அவர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். அல்லாஹ் நாடியதைப் படைக்கிறான் என்று வசனத்தின் தொடக்கமே சொல்லி விட்ட பின்பு, அவன் படைப்பாற்றலுக்கு நீங்கள் எப்படி எல்லை கட்டுவீர்கள் என்பது அவர்களுடைய வாதம்.

அதோடு நிற்கவில்லை. தாம் ஓதிய காலத்தில் தம்முடன் ஒரே ஆசிரியரிடம் மேற்கு நாட்டைச் சேர்ந்த குன்ஸா ஒருவரும் பாடம் ஓதி வந்தார் என்கிறார்கள். தாடி முளைக்காதவர், மார்பு பெண்களுக்குரியது போல் இருந்தது. நீண்ட காலம் கூடிப் பழகியும், அவருடைய நிலைமையைப் பற்றிக் கேட்க வெட்கம் தம்மைத் தடுத்து விட்டது என்றும், கேட்டுத் தெரிந்து கொண்டிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது என்றும் எழுதுகிறார்கள். இமாம் குர்துபீ (ரஹ்) அவர்களும் தம் தஃப்ஸீரில் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இந்தச் செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். ஓர் ஓதும் இடம். பிற்காலத்தில் காழியாகப் போகும் ஒரு மாணவர். பக்கத்தில் ஒரு குன்ஸா மாணவர். கேலி இல்லை, கிள்ளல் இல்லை, பட்டப் பெயர் இல்லை. கேள்வி கேட்கக் கூட வெட்கம் தடுத்திருக்கிறது! இன்று நம்முடைய மக்தபுகளில் குரல் கொஞ்சம் மென்மையாக உள்ள பையன் ஓத எழுந்தால் என்ன நடக்கிறது என்பதை ஓதிக் கொடுக்கும் லெப்பைமார்களே சொல்லட்டும்.

இனி, சட்டத்தில் இவருக்குள்ள இடங்களைப் பார்ப்போம். ஜமாஅத்துத் தொழுகையில் முதலில் ஆண்கள், பிறகு சிறுவர்கள், அதன் பின் குன்ஸாக்கள், அதன் பின் பெண்கள் என்று ஸஃப்புகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி குன்ஸா பெண்களுக்கு இமாமாக நின்று தொழுவிக்கலாம், ஆண்களுக்கு நிற்கலாகாது. பல ஜனாஸாக்களை ஒன்றாக வைத்துத் தொழும்போதும் இதே வரிசைதான். ஷாஃபிஈ கிதாபுகளில் பெண்ணுக்குப் போலவே இவருக்கும் ஐந்து துணிகளில் கபன். கப்ரில் இறக்கும்போது பிறர் கண் படாமல் துணியைப் பிடித்து மறைப்பதும் உண்டு. குளிப்பாட்டும் விஷயத்தில், பருவம் வந்த குன்ஸா முஷ்கிலுக்கு தயம்மும் செய்விக்க வேண்டும் என்பது ஹனஃபீ சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் மஹ்ரமானவர் குளிப்பாட்டலாம். அப்படி ஒருவரும் இல்லையென்றால் ஆடையைக் களையாமல் அதற்கு மேலாகவே குளிப்பாட்டலாம் என்பது வலுவான சொல். இறந்து கிடக்கும் ஒருவருடைய மானத்துக்கு இவ்வளவு காவல் வைத்திருக்கிறது நம் மார்க்கம்!

குதூரீயில் இன்னுமொரு மஸ்அலா உண்டு. குன்ஸாவுக்கு கத்னா செய்ய வேண்டி வந்தால், அவருடைய வெட்கத்துக்குப் பங்கம் வராதிருக்க, அந்தக் காலத்து வழக்கப்படி அவருடைய சொந்தப் பணத்திலிருந்து ஓர் அடிமைப் பெண்ணை வாங்கி அவள் மூலம் செய்விக்க வேண்டும். அவரிடம் பணம் இல்லையென்றால் ஆட்சித் தலைவர் பைத்துல்மாலிலிருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். அடிமை முறை ஒழிந்து போயிற்று. அந்த ஏற்பாடும் இன்று இல்லை. ஆனால் ஓர் ஏழைக் குன்ஸாவின் கூச்சத்தைக் காப்பாற்றும் செலவு முஸ்லிம்களின் பொதுப் பணத்தைச் சேர்ந்தது என்று நம் இமாம்கள் கருதியிருக்கிறார்கள். நம் மஹல்லாக்களின் பைத்துல்மால் கணக்குப் புத்தகத்தில் இப்படியொரு பற்று எழுதப்பட்டதுண்டா?

குழந்தையாக இருக்கும்போது தெளிவாகாவிட்டால் பருவம் வரும் வரை காத்திருக்கச் சொல்கின்றன கிதாபுகள். பருவத்தின் அடையாளங்களும் தெளிவாக்காவிட்டால், ஷாஃபிஈ மத்ஹபில், அவருடைய மனத்தின் நாட்டம் எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்க வேண்டும். அவர் சொல்வது ஏற்றுக் கொள்ளப்படும். உள்ளத்தில் உள்ளதை அவரைத் தவிர வேறு யார் அறிவார்? 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்து, அதையொட்டித் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலையிலன்றி இத்தகைய பச்சிளங் குழந்தைகளுக்குப் பாலை மாற்றி அமைக்கும் அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது என்று ஆணையிட்டது. அவசரப்பட்டுக் கத்தியை எடுக்காதே, பிள்ளை வளரட்டும் என்பது நம் பிக்ஹுக்குப் பழகிய பேச்சுத்தான்.

"குன்ஸா விஷயம் சரி, அவருக்கு உடலில் காரணம் உண்டு. என் மகனுக்கு உடல் எல்லாம் ஆணுடல். நடப்பதும் பேசுவதும்தான் பெண்பிள்ளை போல் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் சபித்த கூட்டமல்லவா அது?" என்று கேட்கும் வாப்பாமார்கள் உண்டு. வேதனையோடு கேட்கிறார்கள், நாமும் அதே நிதானத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

பெண்களைப் போல் வேடம் கொள்ளும் ஆண்களையும், ஆண்களைப் போல் வேடம் கொள்ளும் பெண்களையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயில் உள்ளது. அதை நாம் மறைக்கவோ மழுப்பவோ மாட்டோம். ஆனால் ஹதீஸை ஓதினால் போதாது; அதற்கு இமாம்கள் சொன்ன விளக்கத்தையும் ஓத வேண்டும். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் ஷரீஃபின் விரிவுரையில் முகன்னஸை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். படைப்பிலேயே அப்படி அமைந்து, தாமாக வலிந்து எதையும் செய்யாதவர் ஒருவர். அவர் மீது பழியும் இல்லை, பாவமும் இல்லை, தண்டனையும் இல்லை, அவர் காரணமுடையவர் என்கிறார்கள். படைப்பில் அப்படி இல்லாதிருந்தும் வேண்டுமென்றே அந்தப் பாவனையை மேற்கொள்பவர் மற்றொருவர். சாபம் இவரைப் பற்றியது. ஹாபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் இன்னும் சற்று இறுக்கிப் பிடிக்கிறார்கள்: படைப்பில் அப்படி அமைந்தவரும் அதை விட்டு நீங்கப் படிப்படியாக முயல வேண்டும்; முயன்றும் முடியாதவருக்கே நவவீயின் சொல் பொருந்தும் என்கிறார்கள். இரு இமாம்களில் எவருடைய சொல்லை எடுத்துக் கொண்டாலும், அதிலே பெல்ட்டும் விறகுக் கட்டையும் இல்லை. ‘படிப்படியாக’ என்ற சொல்தான் இருக்கிறது.

உடை விஷயத்திலே இன்னொன்று. எது ஆணின் உடை, எது பெண்ணின் உடை என்பது ஊருக்கு ஊர் வழக்கத்தால் மாறும் என்றும் இப்னு ஹஜர் (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். நம் வீடுகளில் வாப்பாவும் கைலி உடுத்துகிறார், உம்மாவும் கைலி உடுத்துகிறார். வேறு நாட்டவர் கண்டால் யார் யாருடைய உடையைக் கட்டியிருக்கிறார் என்று திகைத்துப் போவார்!

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவில் முகன்னஸ்கள் இருந்தார்கள். ஹீத் என்று பெயர் சொல்லப்படும் ஒருவர் நாயகத்தின் வீட்டுப் பெண்களிடம் தடையின்றி வந்து போனார். பெண்கள் மீது நாட்டமில்லாதவர் என்று அவரை எண்ணியிருந்தார்கள். அந்நூர் அத்தியாயம் 31-ஆம் வசனம் அத்தகையோருக்கு விலக்களித்துள்ளது. ஒரு நாள் அவர், தாயிஃப் நகரத்துப் பெண் ஒருத்தியின் உடலழகை வேறோர் ஆணிடம் வர்ணிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் செவியுற்றார்கள். இனி இவர்கள் உங்களிடம் வர வேண்டாம் என்று தடுத்து விட்டார்கள். அவருடைய நடையும் குரலும் அதற்கு முன்பும் அப்படித்தானே இருந்தன? அவர் படைக்கப்பட்டிருந்த விதத்தை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்துரைக்கவில்லை, பெண்களை வர்ணித்த செயலையே தடுத்தார்கள் என்பதையும் இமாம் நவவீ (ரஹ்) எடுத்துச் சொல்கிறார்கள்.

அவர் ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டார். அதற்குப் பின் நடந்தது அபூதாவூதில் வருகிறது. யாரஸூலல்லாஹ், அவர் பட்டினியால் இறந்து விடுவாரே என்று சொல்லப்பட்டது. வாரத்தில் இரண்டு முறை ஊருக்குள் வந்து உணவு கேட்டுப் பெற்றுத் திரும்பலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். குற்றம் செய்து வெளியேற்றப்பட்டவருடைய பசியும் ரஸூலுல்லாஹ்வின் கணக்கில் இருந்தது. ஒரு குற்றமும் செய்யாத பதினான்கு வயதுப் பிள்ளையை, நடை சரியில்லை என்பதற்காக இரவில் கதவைச் சாத்தி வெளியே நிறுத்துகிறவர்கள் எந்த ஸுன்னத்தைப் பின்பற்றுகிறார்கள்?

அறுவைச் சிகிச்சை செய்து பாலை மாற்றிக் கொள்வது பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். மக்காவிலுள்ள ராபித்தாவின் ஃபிக்ஹு பேரவை 1989-இல் கூடி, உடலால் முழு ஆணாகவோ முழுப் பெண்ணாகவோ உள்ளவர் மாற்றிக் கொள்வது கூடாது. குன்ஸாவுக்கு மேலோங்கிய பக்கத்தைத் தெளிவாக்கும் சிகிச்சை ஆகும் என்று முடிவு சொன்னது. நம் ஸுன்னத் ஜமாஅத் உலமாக்களில் பெரும்பாலோர் இதையே சொல்கிறார்கள். ஈரானின் ஷீஆ அறிஞர் ஆயத்துல்லா கொமெய்னீ மாறாக அனுமதித்தார். பாகிஸ்தானில் 2018-இல் வந்த சட்டத்தின் சில பிரிவுகளை 2023-இல் அந்நாட்டு ஷரீஅத் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கு வழக்காக நடக்கட்டும். உடலை அறுப்பது கூடாது என்ற ஃபத்வாவில், பிள்ளையை அறுத்தெறியலாம் என்று எந்த வரியிலும் இல்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? முதலில் ஜின் பிடித்திருக்கிறது என்று தாயத்து. அடங்காவிட்டால் அடி. அதற்கும் அடங்காவிட்டால், ஒரு கலியாணத்தை முடித்து வைத்தால் சரியாகி விடும் என்று உறவினர் கூடிப் பேசி, ஏதுமறியாத ஏழை வீட்டுப் பெண்ணொன்றைப் பார்த்து நிக்காஹ். இது இரட்டை அநியாயம். குன்ஸா முஷ்கிலின் நிக்காஹ் தெளிவாகும் வரை செல்லாது என்று ஷாஃபிஈ சட்டம் சொல்கிறது. உடல் தெளிவாக உள்ளவரேயானாலும், அவருடைய நிலையை மறைத்து இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கட்டி வைப்பது மோசடி. அந்தப் பெண்ணின் கண்ணீருக்கு மாப்பிள்ளையை விடப் பெற்றோர்களே அதிகம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசியில் பிள்ளை வீட்டை விட்டு ஓடுகிறது. யாரிடம்? தன்னைப் போன்றவர்களிடம். அவர்கள் ஒரு மூத்தவரின் கீழ் குடும்பமாகக் கூடி வாழ்கிறார்கள். வழக்குகளைத் தாங்களே பேசித் தீர்க்கிறார்கள். அந்தக் கூட்டமைப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ஜமாத்! நம்முடைய ஜமாஅத் கைவிட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு ஜமாத் கட்டிக் கொண்டார்கள். அங்கே பிச்சையும் உண்டு, பாவத் தொழிலும் உண்டு என்று நாம் வெறுப்போடு பேசுகிறோம். சோறு கொடுக்கும் வீடு இருந்தால் அவர்களில் எத்தனை பேர் அதைத் தேடிப் போயிருப்பார்கள்? ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பரிகசிக்கப்படுவோர் மேலானவர்களாக இருக்கலாம், பட்டப் பெயரிட்டு அழைக்கவும் வேண்டாம் என்று ஹுஜுராத் 11-ஆம் வசனம் தடுத்திருக்க, ஓடி வந்த பிள்ளை ஊருக்குள் தலை காட்டினால் நம் தெரு முனைகளில் எழும் கூச்சலை என்னவென்று சொல்வது!

சொத்து விஷயத்தை எழுதி முடித்து விடுகிறோம். அதிகம் மறைக்கப்படுவது அதுதான். ஒருவர் ஒரு மகனையும், குன்ஸா முஷ்கிலான ஒரு பிள்ளையையும் விட்டு மவுத்தாகிறார். கடனும் வஸிய்யத்தும் போக மிச்சம் 12 லட்சம் ரூபாய். வேறு வாரிசு இல்லை என்று வைத்துக் கொள்வோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல்படி மகனுக்கு 8 லட்சம், குன்ஸாவுக்கு 4 லட்சம். அவர்களுடைய மாணவரான இமாம் முஹம்மத் (ரஹ்) கணக்கிட்டுக் காட்டிய வேறொரு முறையில் 12 பங்கில் மகனுக்கு 7, குன்ஸாவுக்கு 5. அதே முறையை இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) கணக்கிட்டபடி 7 பங்கில் மகனுக்கு 4, குன்ஸாவுக்கு 3. ஷாஃபிஈ மத்ஹபில் மகனுக்கு உறுதியான 6 லட்சமும், குன்ஸாவுக்கு உறுதியான 4 லட்சமும் கொடுத்து விட்டு, மீதி 2 லட்சத்தை அவருடைய நிலை தெளிவாகும் வரை, அல்லது இருவரும் பேசி உடன்படும் வரை, தொடாமல் வைத்திருக்க வேண்டும். எந்த மத்ஹபிலும் அவருக்குப் பூஜ்யம் இல்லை.

உடல் தெளிவாக உள்ளவருக்கு உடலின்படியே பங்கு. வாரிசுரிமையைத் தடுக்கும் காரணங்களாகக் கிதாபுகள் எண்ணியிருப்பவை, சொத்துக்குரியவரைக் கொலை செய்தது, மதம் வேறாக இருப்பது, அந்தக் காலத்து அடிமைத்தனம் ஆகியவையே. நடையும் குரலும் சேலையும் அந்தப் பட்டியலில் இல்லை. இவன் என் பிள்ளையே இல்லை என்று தகப்பன் நூறு பேர் முன்னிலையில் எழுதிக் கொடுத்தாலும் அதனால் பங்கு போய் விடாது. ஆகவே பாகப் பத்திரம் எழுதும் ஜமாஅத் நிர்வாகிகள், அந்தப் பிள்ளை எங்கோ போய் விட்டது என்று அண்ணன் தம்பிமார் சொல்வதைக் கேட்டுக் கொண்டு கையெழுத்திட வேண்டாம். ஆளனுப்பித் தேடி, அழைத்து வந்து, மற்றவர்களுக்குப் போட்ட அதே பாயில் உட்கார வைத்து, அவருடைய பங்கை அவர் கையில் கொடுத்த பிறகே பத்திரத்தை எழுத வேண்டும்.